எண்ணி அறிதல்

ஒரு நோய் எத்தனை பேரைப் பற்றியுள்ளது என்று அறிந்தாலன்றி, மருந்து எவ்வளவு வேண்டும், மருத்துவமனை எங்கு வேண்டும் என்று அரசு திட்டமிடல் இயலாது. ஆனால் எச்.ஐ.வி. என்னும் கிருமி, உடலிற் புகுந்த பின்னும் பல ஆண்டுகள் வெளிப்படையான குறியின்றி மறைந்திருக்கும். அதனை உடையவருள் பலர் தாமே அதனை அறியார். அறிந்தவருள்ளும் பழிச்சொல்லுக்கு அஞ்சி மறைப்போர் உளர். இத்தகையோரை எண்ணுவது எங்ஙனம்?

இந்தியாவில் இக்கிருமி 1986ஆம் ஆண்டில் சென்னையில் முதன்முதல் கண்டறியப்பட்டது. கண்டறிந்தோர் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் ஆவர். 1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு தோன்றியது. 1998 முதல் நாடு தழுவிய கண்காணிப்பு முறையாக நடைபெறலாயிற்று. கருவுற்ற தாய்மாரிடம் வேறு சோதனைக்காக எடுத்த குருதியில் எஞ்சியதைப் பெயர் நீக்கிச் சோதித்தனர். இதனால் ஒருவருடைய மறைபொருளும் வெளிப்படவில்லை. நாட்டின் நிலையோ புலனாயிற்று.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். ஆயினும் அடியிற் கிடக்கும் சோற்றையே எடுத்துப் பார்ப்பின், பானை முழுவதும் வெந்துவிட்டதாகத் தோன்றுமன்றோ? இங்கும் அவ்வாறே நேர்ந்தது. அரசு மருத்துவமனைகளுக்கு வந்தோரைக் கொண்டே பெரும்பாலும் கணக்கிட்டதால், 2005ஆம் ஆண்டில் இந்நோய்க்கிருமி உடையோர் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என மதிப்பிட்டனர். பின்னர், 2005–06ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வில், வீடுதோறும் சென்று, இசைவு பெற்று, ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் குருதியைச் சோதித்தனர். கண்காணிப்பு இடங்களும் பெருகின. இவற்றைக் கொண்டு 2007இல் வெளியிட்ட புதிய மதிப்பீடு ஏறக்குறைய 25 இலட்சமே.

நோய் திடீரெனப் பாதியாகக் குறைந்துவிட்டதா? அன்று, அளவுகோலே செம்மையுற்றது. இவ்வேறுபாட்டை மக்கள் உணரும்பொருட்டு, முந்தைய ஆண்டுகளின் கணக்கையும் புதிய முறையால் மீண்டும் கணித்து வெளியிட்டனர். தம் கணக்கைத் தாமே திருத்தி ஊரறியக் கூறுதல் எளிய செயலன்று. எனினும், அதுவே நம்பிக்கைக்கு அடிப்படை.

2017ஆம் ஆண்டுச் சட்டம், சட்டம் குறிக்கும் சில நிலைகள் நீங்கலாக, ஒருவருக்கு இக்கிருமி உள்ளதென்பதை அவர் இசைவின்றி வெளியிடலாகாது என்கிறது. பெயர் காக்கப்படின் மக்கள் அஞ்சாது சோதனைக்கு வருவர். அவர்கள் வந்தாற்றான் கணக்கு மெய்யாகும். கணக்கு மெய்யானாற்றான் மருந்து உரியவரைச் சென்றடையும்.