மலைக்கு அப்பாலும் கேட்கும் குரல்: ஹாம் ரேடியோ பெட்டியை மாற்றுவதும் பழுது பார்ப்பதும்

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, மூணாறை அடுத்த ராஜமலைப் பகுதியில் பெட்டிமுடி லயங்களின் மீது மலை சரிந்தது. 70 உயிர்கள் போயின. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தமிழ்க் குடும்பங்கள் அவை. பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அற்றுப்போயிருந்ததால் செய்தி வெளியே வர மறுநாள் காலை ஆயிற்று. அதற்கு இரண்டாண்டு முன்பு, 2018 ஆகஸ்ட் மழையில், பாலக்காடு மாவட்டத்து நெல்லியாம்பதியும் சாலை உடைந்து தனித்தீவு போல ஆனது.

இந்த மலரைப் படிக்கும் நம்மில் பலருக்கு இப்பகுதிகளில் உறவினர் உண்டு. நான் இருப்பது பாலக்காட்டில். என் மைத்துனர் இருப்பது மூணாறு பக்கத்துத் தோட்டமொன்றில். தினமும் காலை ஏழு மணிக்கு நாங்கள் ஹாம் ரேடியோவில் பேசிக்கொள்கிறோம். அதற்கான பெட்டியை வீட்டிலேயே கட்டி, நம் தேவைக்கு மாற்றி, பழுது வந்தால் நாமே பார்ப்பது எப்படி என்பதே இந்தப் பாடம்.

முதலில் ஒரு சொல். ஹாம் ரேடியோவில் பேச அரசின் உரிமம் வேண்டும். இந்தியாவில் 12 வயது நிறைந்தவர் தேர்வெழுதி உரிமம் பெறலாம். நீங்கள் வாழும் நாட்டில் அந்நாட்டு விதி என்னவென்று கேட்டறியுங்கள்.

பெட்டியின் அமைப்பு

ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் (அழைப்புக் குறி வி.யு.2 இ.எஸ்.இ) 2003இல் பிட்எக்ஸ் என்ற டிரான்சீவர் வடிவத்தை எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டார். 14 மெகாஹெர்ட்ஸில் சுமார் 6 வாட் சக்தியுடன் பேசும் பெட்டி அது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சாமான்களாலேயே கட்ட வேண்டும் என்பது அவர் நோக்கம். காயில் சுற்றுவதற்குத் தண்ணீர்க் குழாய் வாஷரைக்கூடப் பயன்படுத்தினார்!

இதன் தனிச்சிறப்பு இருவழி அமைப்பு. மலைத்தோட்டத்து ஒற்றையடிப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். போகும்போதும் வரும்போதும் அதே பாதைதான். அதுபோல, நாம் கேட்கும்போது ஒரு திசையில் வேலை செய்யும் கிரிஸ்டல் ஃபில்டரும் மிக்சர்களும், நாம் பேசும்போது மறுதிசையில் வேலை செய்கின்றன. பழுது பார்ப்பதில் இதுவே நமக்குப் பெரிய உதவி. அதைப் பின்னால் பார்ப்போம்.

ஏன் 7 மெகாஹெர்ட்ஸ்?

பாலக்காட்டுக்கும் மூணாறுக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர்தான். ஆனால் நடுவே ஆனைமலைத் தொடர். 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி அதில்தான் இருக்கிறது. கையடக்க வாக்கிடாக்கியின் அலை நேர்க்கோட்டில் செல்வதால் மலையில் முட்டி நின்றுவிடும். 7 மெகாஹெர்ட்ஸ் அலையை மேல்நோக்கி அனுப்பினால், வானில் 200, 300 கிலோமீட்டர் உயரத்திலுள்ள அயனி மண்டலம் அதைத் திருப்பிக் கீழே அனுப்புகிறது. மழை தூவினாற்போல் சுற்றுவட்டாரம் முழுவதும் விழுகிறது. மலை தடையே இல்லை.

ஏரியலும் எளிது. பக்கத்துக்கு 10 மீட்டராக இரண்டு செப்புக் கம்பிகள், தரையிலிருந்து 4 அல்லது 5 மீட்டர் உயரத்தில் கட்டினால் போதும். தாழக் கட்டினால்தான் அலை மேல்நோக்கிப் போகும்.

மாற்றங்கள் மூன்று

1. ஆசிலேட்டர்: பெட்டியின் ஃபில்டர் 10 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. 14ஐப் பிடிக்க 4 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் இருந்தது. 7.0 முதல் 7.2 வரை பிடிக்க 3.0 முதல் 2.8 வரை வேண்டும் (7.1 + 2.9 = 10). காயிலும் கண்டன்சரும் கொண்ட ஆசிலேட்டர் மூணாறுக் குளிரில் இடம் நகரும். ஆகவே எஸ்.ஐ.5351 என்ற சில்லையும் சிறிய ஆர்டுயினோ பலகையையும் வைத்தேன். இது கிரிஸ்டலைக் கொண்டு இயங்குவதால் நிலையாக நிற்கும்.

2. உள்வரும் ஃபில்டரும் வெளிச்செல்லும் ஃபில்டரும்: இரண்டிலும் காயில், கண்டன்சர் மதிப்புகளை 7 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்ற வேண்டும்.

3. கேரியர் கிரிஸ்டல்: 14இல் மேல் சைடுபேண்டிலும் 7இல் கீழ் சைடுபேண்டிலும் பேசுவது வழக்கம். எனவே இந்தக் கிரிஸ்டலின் அதிர்வெண், ஃபில்டரின் கீழ் ஓரத்திலிருந்து மேல் ஓரத்துக்குப் போக வேண்டும். கிரிஸ்டலுடன் தொடராகக் காயில் வைத்தால் அதிர்வெண் இறங்கும். ட்ரிம்மர் கண்டன்சர் வைத்தால் ஏறும். ஆக, காயிலை எடுத்துவிட்டு ட்ரிம்மர் வையுங்கள். எதிராளியின் குரல் இயல்பாகக் கேட்கும்வரை மெல்லத் திருப்புங்கள்.

பழுது பார்க்கும் முறை

இந்தப் பெட்டி பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக பஸ்ஸில் மூணாறு போய்ச் சேர்ந்தது. அங்கே மைத்துனருக்கு எல்லார் குரலும் நன்றாகக் கேட்டது. அவர் குரல் மட்டும் யாருக்கும் கேட்கவில்லை. தொலைபேசியில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனோம்.

மற்றவர் குரல் கேட்கிறதென்றால் ஏரியல், ஆசிலேட்டர், கிரிஸ்டல் ஃபில்டர், மிக்சர்கள் எல்லாம் நலம் என்று பொருள். அந்த ஒரு சோதனையிலேயே பெட்டியில் பாதிக்கு மேல் தேறிவிட்டது. மீதி இருப்பவை பேசும்போது மட்டும் வேலை செய்யும் பகுதிகள்: மைக், மைக் ஆம்ப்ளிஃபயர், ரிலே, கடைசிப் பவர் டிரான்சிஸ்டர் வரிசை.

ஏரியலைக் கழற்றிவிட்டு டம்மி லோடு மாட்டச் சொன்னேன். 220 ஓம், 2 வாட் கார்பன் ரெசிஸ்டர் நான்கை இணையாகச் சேர்த்தால் 55 ஓம், அதுவே போதும். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் இதற்கு உதவாது. பின்பு பேட்டரி வயரில் அம்மீட்டர். பட்டனை அமுக்கினார், ரிலே “டக்” என்றது, மின்னோட்டமும் சற்று ஏறியது. ஆக, ரிலேயும் பவர் டிரான்சிஸ்டரும் விழித்திருக்கின்றன. மைக்கில் சீழ்க்கை அடித்தார்; முள் அசையவில்லை. மைக் ஆம்ப்ளிஃபயரின் வாயிலை ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டார், முள் துள்ளியது. இப்போது எஞ்சியது மைக்கும் அதன் வயரும் மட்டுமே. பஸ் குலுக்கலில் பிளக்கினுள்ளே வயர் அறுந்திருந்தது. ஈயம் வைத்ததும் குரல் வந்தது.

சரியாக வேலை செய்யும் பெட்டியில் சீழ்க்கை அடித்தால் மின்னோட்டம் 1 ஆம்பியர் அளவுக்கு ஏறும். சக்தியை அளக்க, டம்மி லோடில் 1என்4148 டையோடும் ஒரு சிறு கண்டன்சரும் வைத்து மல்டிமீட்டரில் டி.சி. வோல்டேஜைப் பாருங்கள். அதை அதனாலேயே பெருக்கி, ஓமின் இருமடங்கால் வகுக்க வேண்டும். 24 வோல்ட் காட்டினால் 576ஐ 110ஆல் வகுக்க, 5 வாட்டுக்குச் சற்று மேல்.

ஓர் எச்சரிக்கை. ஐ.ஆர்.எஃப்.510 பவர் டிரான்சிஸ்டரின் பயாஸைக் குறைந்தபட்சத்தில் வைத்துவிட்டே மின்சாரம் கொடுங்கள். மைக்கைக் கழற்றிவிட்டு, அதன் மின்னோட்டம் 100 மில்லி ஆம்பியர் வரும்வரை மெதுவாகக் கூட்டுங்கள். அதன் உலோகப் பட்டையில் மின்சாரம் இருக்கும். ஹீட்சிங்க்கில் பொருத்தும்போது இடையில் மைக்கா தாள் அவசியம்.

பெட்டியில் ஓயாத இரைச்சல் கேட்டால் உடனே பெட்டியைக் குறை சொல்ல வேண்டாம். வீட்டு எல்.இ.டி. பல்பையும் மொபைல் சார்ஜரையும் அணைத்துப் பாருங்கள். நாங்கள் இருவரும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில்தான் ஓட்டுகிறோம். கரண்ட் போன நாளில் உதவ வேண்டிய பெட்டி கரண்டை நம்பி இருக்கலாகாது.

இன்னும் செய்ய வேண்டியது

7 மெகாஹெர்ட்ஸ் பகலில்தான் அண்டை மாவட்டங்களுக்கு நன்றாக எட்டும். இருட்டிய பின் அயனி மண்டலம் மெலிவதால் அலை நம் தலைக்கு மேலே தாண்டித் தொலைதூரம் போய்விடும். பெட்டிமுடியில் மலை சரிந்ததோ இரவில். இரவுக்கு 3.5 மெகாஹெர்ட்ஸ் பட்டை தேவை. ஆசிலேட்டரை 6.4க்கு மாற்றுவது ஆர்டுயினோவில் ஓர் எண்ணை மாற்றும் வேலைதான் (3.6 + 6.4 = 10). ஆனால் இரு ஃபில்டர்களுக்கும் புதுக் காயில்கள் வேண்டும்; ஏரியலும் 40 மீட்டர் நீளமாகும். அந்தக் காயில்களை இப்போது சுற்றிக்கொண்டிருக்கிறேன். இடவப்பாதி மழைக்குள் மைத்துனர் பெட்டியில் அவை ஏறிவிட வேண்டும்.

ஊருக்குப் போகும்போது உங்கள் பிள்ளைகளில் ஒருவருக்காவது இதில் ஆர்வம் வந்தால், சால்டரிங் அயனும் மல்டிமீட்டரும் வாங்கிக் கொடுத்துத் தேர்வுக்கும் படிக்கச் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்கு எங்களோடு இன்னொரு குரல் சேர்ந்தால் மகிழ்வோம்.