செய்த வேலைக்கு எழுத்து வேண்டும்

ஊர் திரும்பும் குடும்பத்துக்கு முதலில் கூரை வேண்டும். பிறகு கிணறு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம். இவை ஓரளவு ஒழுங்கானதும் வேலை பற்றிய கேள்வி வருகிறது. செட்டிக்குளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டபோது வந்தவர்களும், காணி விடுபட்ட பிறகு வந்தவர்களும், தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து வருபவர்களும் இந்தக் கேள்வியைச் சந்திக்கிறார்கள்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் நிரந்தர வேலை குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். வயல் வேலை காலபோகத்திலும் சிறுபோகத்திலும் சில வாரங்கள்தான். அறுவடை இயந்திரம் வந்த பிறகு அதுவும் குறைந்துவிட்டது. மீதியாக இருப்பவை கட்டட வேலை, கடை, அரிசி ஆலை, ஆடைத் தொழிற்சாலை, கடற்றொழில் போன்றவை. ஒரு வேலைக்குப் பத்துப் பேர் நிற்கும் இடத்தில், கிடைத்ததை விடக்கூடாது என்ற பயத்தில் எதையும் கேட்காமல் சேர்ந்துவிடுகிறோம். பல மாதம் கழித்துச் சம்பளம் நின்றாலோ கையில் காயம் பட்டாலோ, அங்கே வேலை செய்தோம் என்பதைக் காட்ட ஒரு துண்டுக் கடதாசிகூட இருப்பதில்லை.

ஆகவே இந்தப் பாடம் ஒரே ஒரு விடயத்தைப் பற்றியது. செய்த வேலைக்கு எழுத்து வேண்டும். அதை எப்படிப் பெறுவது, அதனால் என்ன கிடைக்கும் என்று பார்ப்போம்.

1. வேலை தேட முன் சேர்க்க வேண்டிய பத்திரங்கள்

இடப்பெயர்வில் பத்திரங்கள் தொலைந்திருந்தால் கவலைப்பட வேண்டாம். பெரும்பாலானவற்றின் பிரதியைத் திரும்பப் பெறலாம்.

தேசிய அடையாள அட்டை: கிராம உத்தியோகத்தர் ஊடாக விண்ணப்பியுங்கள். 15 வயது நிறைந்த பிள்ளைகளும் பெறலாம்.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரம்: பிரதேச செயலகத்தில் பிரதி கேளுங்கள்.

க.பொ.த. சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள்: பரீட்சைத் திணைக்களம் அத்தாட்சிப்படுத்திய பிரதியைத் தரும். சுட்டெண் நினைவில்லாவிட்டால், படித்த பாடசாலையின் அதிபரிடம் விசாரியுங்கள்.

தமிழ்நாட்டில் படித்தவர்கள் 10 ஆம், 12 ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களின் மூலப் பிரதியையும் மாற்றுச் சான்றிதழையும் கையோடு கொண்டு வாருங்கள். அங்கு பிறந்த பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமைப் பதிவு செய்திருக்க வேண்டும். அது இல்லாமல் அடையாள அட்டை எடுக்க முடியாது. அடையாள அட்டை இல்லாமல் வேலையில் பெயர் பதிவதும் கடினம்.

எல்லாவற்றையும் போட்டோக் கொப்பி எடுத்து, மூலப் பிரதிகளைத் தண்ணீர் படாத ஒரு பையில் வீட்டில் வையுங்கள். முதலாளி கேட்டாலும் மூலப் பிரதியை அவரிடம் விட்டுவிட்டு வர வேண்டாம். காட்டிவிட்டுக் கொப்பியைக் கொடுங்கள்.

2. தொழில் தெரியும், சான்றிதழ் இல்லை

வன்னியில் இருபது வருடம் மேசன் வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். உழவு இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்களும், முகாமில் தையல் பழகிய பெண்களும் இருக்கிறார்கள். இவர்களிடம் கைத்திறன் இருக்கிறது. ஆனால் விண்ணப்பப் படிவத்தில் 'தகைமை' என்ற இடத்தை வெறுமையாக விடுகிறார்கள்.

இலங்கையில் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமை முறை ஏழு மட்டங்களைக் கொண்டது. 1 முதல் 4 வரை சான்றிதழ்கள், 5 உம் 6 உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமமானது. இதைப் பெற எல்லோரும் முதலிலிருந்து வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. அனுபவத்தால் தொழில் கற்றவரின் திறனை நேரில் சோதித்துச் சான்றிதழ் தரும் வழியும் உண்டு. அதற்கு 'முன் கற்றலை அங்கீகரித்தல்' என்று பெயர். மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்ட வேண்டும், சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் முன்பு செய்த வேலைகளின் படம், வேலை கொடுத்தவரின் கடிதம் போன்றவை இருந்தால் உதவும்.

இதைப் பற்றித் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். இளம் பிள்ளைகள் முழுநேரமாகப் படிக்க விரும்பினால், கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தையும் விசாரியுங்கள்.

3. சேரும் நாளில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

கேட்டால் வேலை போய்விடுமோ என்று பலர் தயங்குகிறார்கள். சண்டைக்குப் போவதுபோல் கேட்கத் தேவையில்லை. பதிவுக்குத் தேவையான விபரமாகக் கேட்டால் போதும். உதாரணமாக: "ஐயா, ஈ.பி.எப். பதியிறதுக்கு அடையாள அட்டைக் கொப்பி கொண்டு வந்திருக்கிறன். ஆரிட்டைக் குடுக்க வேணும்?"

(1) சம்பளம் எவ்வளவு, எந்த நாளில்? நாட்கூலியா, மாதச் சம்பளமா, துண்டுக் கணக்கா? தேசிய குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 2016 இல் வந்தது. 2025 இல் அது திருத்தப்பட்டது. அதன்படி 2026 சனவரி முதல் மாதத்துக்கு 30,000 ரூபா, நாளுக்கு 1,200 ரூபா. அதற்குக் குறைவாகப் பேச ஒருவருக்கும் உரிமை இல்லை.

(2) வேலை நேரம் என்ன? கடை, அலுவலக ஊழியருக்குச் சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் செய்தால் மேலதிக நேரக் கொடுப்பனவு ஒன்றரை மடங்கு.

(3) நியமனக் கடிதம் எப்போது கிடைக்கும்? கடை, அலுவலக வேலைக்கு இதைக் கொடுப்பது முதலாளியின் கடமை. கடிதம் உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தால், தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசித்துப் பார்த்த பிறகே கையொப்பமிடுங்கள்.

(4) ஈ.பி.எப். இலக்கம் எப்போது கிடைக்கும்? இதை அடுத்த பகுதியில் விரிவாகப் பார்ப்போம்.

(5) காயம் பட்டால் யாரிடம் சொல்வது? வேலையில் ஏற்படும் காயத்துக்கு நட்டஈடு கேட்கும் உரிமை 1934 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. வைத்தியசாலையில் 'வேலை இடத்தில் பட்ட காயம்' என்று சொல்லிப் பதிவியுங்கள். துண்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

4. கண்ணுக்குத் தெரியாத சம்பளம்: ஒரு கணக்கு

ஊழியர் சேமலாப நிதி 1958 ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தது. இதைத்தான் ஈ.பி.எப். என்கிறோம். உங்கள் சம்பளத்திலிருந்து 8 சதவீதம் கழிக்கப்படும். முதலாளி தன் பணத்திலிருந்து 12 சதவீதம் போட வேண்டும். இதைவிட, ஈ.ரி.எப். எனப்படும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 சதவீதம் கட்ட வேண்டும். இதற்காக உங்கள் சம்பளத்தில் ஒரு சதமும் கழிக்க முடியாது.

மாதம் 40,000 ரூபா வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

அவரின் 8 சதவீதம்: 3,200 ரூபா
முதலாளியின் 12 சதவீதம்: 4,800 ரூபா
ஈ.ரி.எப். 3 சதவீதம்: 1,200 ரூபா
மாதத்துக்கு மொத்தம்: 9,200 ரூபா

ஒரு வருடத்தில் இது 1,10,400 ரூபா. ஐந்து வருடத்தில், வட்டியைச் சேர்க்காமலே 5,52,000 ரூபா. இதில் அவர் சம்பளத்தில் கழிந்தது 1,92,000 ரூபா மட்டுமே. மீதி 3,60,000 ரூபாவும் முதலாளி தர வேண்டிய பணம்.

இன்னும் ஒன்று உண்டு. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனத்தில் ஐந்து வருடம் முழுமையாக வேலை செய்தவர் விலகும்போது, 1983 ஆம் ஆண்டின் சட்டப்படி பணிக்கொடை பெறுவார். மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். மேலே சொன்னவருக்கு அது 1,00,000 ரூபா. 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

"ஈ.பி.எப். வேண்டாம், கையில் கூடத் தாறன்" என்று சொல்லும் முதலாளிகள் இருக்கிறார்கள். கையில் கூடத் தருவது ஆயிரமோ இரண்டாயிரமோ. இழப்பது என்ன என்பதை மேலுள்ள கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதோடு, நீங்கள் சம்மதித்தாலும் அந்தப் பேச்சு சட்டப்படி செல்லாது.

"நீ தற்காலிகம், நாட்கூலி, உனக்கு இல்லை" என்பதும் சரியில்லை. தற்காலிகமாகவோ, நாட்கூலிக்கோ, துண்டுக் கணக்கிலோ, ஒப்பந்தகாரரின் கீழோ வேலை செய்தாலும் முதல் நாளிலிருந்தே ஈ.பி.எப். உரிமை உண்டு. தனியார் வீடுகளில் வீட்டு வேலை செய்பவர்கள் இந்தச் சட்டத்தில் அடங்குவதில்லை. அவர்கள் அடுத்த பகுதியில் சொல்லும் கொப்பியைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும்.

பதிவுப் படிவத்தில், நீங்கள் இறந்தால் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்ற இடத்தை வெறுமையாக விடாதீர்கள். முன்பு எழுதியவர் இன்று இல்லை என்றால் பெயரை மாற்றுங்கள். இந்தப் பணத்தைப் பொதுவாக ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். பத்து வருடம் உறுப்பினராக இருந்து, கணக்கில் 3,00,000 ரூபாவுக்குக் குறையாமல் இருந்தால், வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 சதவீதம் வரை முன்கூட்டி எடுக்கவும் வழியுண்டு.

5. உங்கள் சொந்தக் கொப்பி

முதலாளி ஒன்றும் எழுதித் தராவிட்டாலும் நீங்கள் எழுதலாம். நாற்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். ஒவ்வொரு நாளும் திகதி, வேலை நடந்த இடம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், மேற்பார்வை செய்தவரின் பெயர், கிடைத்த பணம், மிச்சம் உள்ள பணம் ஆகியவற்றை எழுதுங்கள். முற்பணம் வாங்கினால் அதையும் எழுதுங்கள். எழுதச் சிரமப்படுபவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இரவில் எழுதிக் கொடுக்கலாம்.

சம்பளச் சிட்டை, வங்கிப் புத்தகம், தொலைபேசியில் வந்த குறுஞ்செய்தி, கூட வேலை செய்தவர்களின் பெயர் என்பனவும் சாட்சிகள். சம்பளம் வங்கிக்கு வருமாறு கேட்பது நல்லது. வங்கிப் புத்தகமே பதிவாகிவிடும்.

6. தர மறுத்தால்

முதலில் பண்பாகக் கேளுங்கள், பிறகு எழுதிக் கேளுங்கள். அந்தக் கடிதத்தின் கொப்பியை வைத்திருங்கள். அப்போதும் கிடைக்காவிட்டால் உங்கள் மாவட்டத்துக்குரிய தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். இன்னும் அங்கே வேலையில் இருப்பவர், தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று அதிகாரியிடம் கேட்கலாம். ஈ.பி.எப். பணத்தைப் பிந்திக் கட்டும் முதலாளிக்கு 5 முதல் 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் விதிக்கப்படும்.

வேலையிலிருந்து நியாயமில்லாமல் நிறுத்தப்பட்டால் நாளைக் கடத்த வேண்டாம். தொழில் நியாயசபைக்கு 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 'கொஞ்ச நாளில் திரும்பக் கூப்பிடுவார்கள்' என்று காத்திருந்தே பலர் இந்தக் காலத்தைத் தவற விடுகிறார்கள்.

பெண்களுக்கு: பிரசவ விடுமுறை 84 வேலை நாட்கள். கர்ப்பம் என்ற காரணத்துக்காக வேலையிலிருந்து நிறுத்த முடியாது. வேலை இடத்திலோ போகும் வழியிலோ தொந்தரவு இருந்தால் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தை அழையுங்கள். அதையும் திகதியோடு கொப்பியில் எழுதுங்கள்.

7. போருக்கு முன் செய்த வேலை

பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பளம், கூட்டுறவுச் சங்கங்கள் போன்ற இடங்களில் உங்கள் குடும்பத்தில் யாராவது வேலை செய்திருந்தால், அவர் பெயரில் ஈ.பி.எப். கணக்கு இருந்திருக்கலாம். இடம்பெயர்ந்ததால் அந்தக் கணக்கு அழிந்துவிடாது. பெயர், பழைய அடையாள அட்டை இலக்கம், நிறுவனத்தின் பெயர், வேலை செய்த வருடங்கள் ஆகியவற்றோடு தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

உறுப்பினர் இறந்திருந்தால் குடும்பம் கோரலாம். அவர் காணாமற்போயிருந்தால், இறந்துவிட்டார் என்று பதியக் குடும்பத்துக்கு மனம் இல்லாமல் இருக்கலாம். அது உங்கள் முடிவு. அவர் காணக்கிடைக்கவில்லை என்று பதிவாளர் நாயகம் வழங்கும் சான்றிதழ் ஒன்றுக்கு 2016 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வழி செய்துள்ளது. அதைப் பெற மரணத்தைப் பதியத் தேவையில்லை. பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

8. வெளிநாட்டு வேலை என்று வருபவர்கள்

உள்ளூரில் வேலை இல்லாதபோது முகவர்கள் வீடு தேடி வருவார்கள். காசு கொடுக்க முன், அந்த முகவருக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் செல்லுபடியாகும் அனுமதிப் பத்திரம் உண்டா என்று 1989 என்ற இலக்கத்தில் கேளுங்கள். சுற்றுலா விசாவில் அனுப்பி அங்கே வேலை எடுத்துத் தருவதாகச் சொன்னால் போக வேண்டாம். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம். காணி உறுதியை ஈடு வைத்துப் போவதென்றால், வீட்டில் எல்லோரும் இருந்து பேசிய பிறகே முடிவெடுங்கள்.

வீட்டில் கலந்து பேசுவதற்கு

இன்று நம் வீட்டில் யார் யார் வேலைக்குப் போகிறார்கள்? ஒவ்வொருவருக்கும் ஈ.பி.எப். இலக்கம் இருக்கிறதா?

போன மாதம் செய்த வேலையை நிரூபிக்க நம்மிடம் என்ன எழுத்து இருக்கிறது?

16 வயதுக்குக் குறைந்த பிள்ளை யாராவது பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போகிறாரா? சட்டம் அதற்கு இடம் தருவதில்லை. கஷ்டத்தால் போகிறார் என்றால் கிராம உத்தியோகத்தரிடமும் எங்கள் கள உத்தியோகத்தரிடமும் சொல்லுங்கள். பாடசாலைக்குத் திரும்ப என்ன உதவி உண்டு என்று சேர்ந்து பார்க்கலாம்.

நம் வீட்டில் கைத்தொழில் தெரிந்து சான்றிதழ் இல்லாதவர் யார்? அவரோடு தொழிற்பயிற்சி அதிகாரசபைக்குப் போக எந்த நாள் வசதி?

இந்தக் கேள்விகளின் பதில்களை எழுதி வைத்திருங்கள். எங்கள் கள உத்தியோகத்தர் அடுத்த முறை வரும்போது காட்டினால், எந்தப் படிவத்தை எங்கே கொடுப்பது என்று உங்களோடு இருந்து பார்ப்பார்.