98-ஆ, 100-ஆ? பூஜ்ஜியம் சேர்த்து மோட்டார் அதிர்வைப் படிக்கும் முறை

இரண்டு துருவ இண்டக்சன் மோட்டார் ஒன்று நிமிடத்துக்கு 2947 சுற்று ஓடுகிறது என்று வையுங்கள். பக்கத்தில் நின்றால் அதன் உறுமல் வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு முறை ஏறி இறங்குவது கேட்கும். சுழற்சி வேகத்தின் இரு மடங்கான 98.23 ஹெர்ட்ஸும், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரு மடங்கான 100 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலிப்பதன் விளைவு அது. முன்னது பெரிதாக இருந்தால் முதலில் கப்ளிங் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னது பெரிதானால் ஸ்டேட்டர், ஏர் கேப் பக்கம் போக வேண்டும். மாற்றிப் படித்தால் கெடாத இடத்தைக் கழற்றிக்கொண்டிருப்போம்.

முதலில் அதிர்வுப் பதிவின் நீளத்தை முடிவு செய்யுங்கள். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். வினாடிக்கு 1000 மாதிரி வீதம் கால் வினாடி எடுத்தால் 250 மாதிரிகள். ஃபூரியே உருமாற்றத்தில் 96, 100, 104 என்று 4 ஹெர்ட்ஸுக்கு ஒரு புள்ளிதான் கிடைக்கும். இந்த இடத்தில்தான் பலரும் பூஜ்ஜியத்தை நம்பி ஏமாறுகிறார்கள். 3750 பூஜ்ஜியம் சேர்த்து 4000 ஆக்கினால் கால் ஹெர்ட்ஸுக்கு ஒரு புள்ளி வரும், வரைபடம் வழவழப்பாகும். ஆனால் இரண்டு அதிர்வும் ஒரே மேட்டுக்குள் கலந்தே கிடக்கும். சில சமயம் மேடு இரண்டாகப் பிளந்தது போலத் தெரிந்தாலும் முகடுகள் உண்மையான இடத்தில் இருக்காது. கால் வினாடியில் அந்த உறுமல் ஒரு முறைகூட முழுதாக ஏறி இறங்கவில்லையே! பதிவில் இல்லாததைப் பூஜ்ஜியம் எங்கிருந்து கொண்டுவரும்?

ஆகவே 2 வினாடி பதியுங்கள்: 2000 மாதிரிகள். மிக நீளமாகவும் வேண்டாம். இடையில் சுமை மாறி வேகம் நகர்ந்தால் 98 பக்கத்து முகடு அகன்றுவிடும்.

அடுத்து சராசரியைக் கழியுங்கள். கழிக்காமல் பூஜ்ஜியம் சேர்த்தால் மாதிரிகள் முடியும் இடத்தில் ஒரு படிக்கட்டு விழும். அதன் சிதறல் தாழ்ந்த அதிர்வெண்களில் பரவும். பிறகு அந்த 2000 மாதிரிகள் மீது மட்டும், இரு முனைகளையும் மெல்லப் பூஜ்ஜியத்துக்கு இறக்கும் ஹான் விண்டோ போடுங்கள். பூஜ்ஜியம் அதற்கும் பிறகுதான். வரிசையை மாற்றி, பூஜ்ஜியம் சேர்த்த முழு நீளத்துக்கும் விண்டோ விரித்தால் பதிவின் முடிவு வெட்டுப்பட்டு நிற்கும், விண்டோ போட்டதன் பயனே போய்விடும்.

இப்போது 6000 பூஜ்ஜியம் சேர்த்து 8000 ஆக்குங்கள். பைத்தான் மொழியின் நம்பை (NumPy) நூலகத்தில் உருமாற்ற நீளத்தை 8000 என்று கொடுத்தாலே போதும், பின்னால் அதுவே நிரப்பிக்கொள்ளும். பூஜ்ஜியத்தின் உண்மையான உதவி இங்கே தெரியும். சேர்க்காதபோது புள்ளிகள் அரை ஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கும், 98.23 என்பது 98-க்கும் 98.5-க்கும் இடையில் விழும். ஹான் விண்டோவில் முகடு இப்படி நடுவில் விழுந்தால் உயரம் 15 சதவீதம் வரை குறைத்துக் காட்டும். நான்கு மடங்காக நீட்டியதும் 98.25-இல் ஒரு புள்ளி வந்து நிற்கும், உயரப் பிழை 1 சதவீத அளவுக்கு இறங்கும்.

வீச்சைக் கணக்கிடும்போது 8000-ஆல் வகுக்காதீர்கள். விண்டோ மதிப்புகளின் கூட்டுத்தொகையால், அதாவது ஏறத்தாழ 1000-ஆல் வகுத்து, இரண்டால் பெருக்குங்கள். முகடுகளின் இருபுறமும் சின்னச் சின்ன மேடுகள் தெரியும். அவை விண்டோவின் நிழல்; புதிய அதிர்வு என்று எழுதிவிடாதீர்கள்.

இன்னும் சந்தேகமா? பதிவு ஓடும்போதே மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள். 100 ஹெர்ட்ஸ் அந்தக் கணமே மறையும். இயந்திர அதிர்வு வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கும்.