ஆங்கில வாக்கியத்தில் கிழமைகள்

புந்தோங்கில் வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழிலேயே பேசி வளர்ந்தவன் நான். ஆங்கிலக் கிழமைப் பெயர்கள் ஏழும் எனக்கு மனப்பாடம். இருந்தும், கிழமையால்தான் ஒரு நேர்முகத் தேர்வைத் தவறவிட்டேன். ஒரு புதன்கிழமை தொலைபேசியில் ‘நெக்ஸ்ட் ஃபிரைடே’ என்றார்கள். அடுத்த வாரத்து வெள்ளி என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் சொன்னதோ இரண்டே நாளில் வரவிருந்த வெள்ளியை! தம்பி தங்கைகளுக்கு அந்நிலை வரக்கூடாது என்பதற்காகவே இச்சிறு பாடம்.

முதலாவது, ‘ஆன்’. தமிழில் ‘திங்கட்கிழமை வருகிறேன்’ என்றாலே போதும். உருபு எதுவும் வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் வெறும் ‘மண்டே’ என்று எழுதிவிடுகிறோம். பேச்சில் சிலர் அப்படிச் சொல்வதுண்டு. தேர்வுத் தாளில் ‘ஆன் மண்டே’ என்றே எழுதுங்கள். மலாயில் ‘பாடா ஹாரி இஸ்னின்’ என்கிறோம் அல்லவா? கிழமைக்கு முன் அங்கே ‘பாடா’, இங்கே ‘ஆன்’. காலை என்று மட்டும் சொன்னால் ‘இன் த மோர்னிங்’. கிழமை சேர்ந்தால் ‘ஆன் மண்டே மோர்னிங்’.

இரண்டாவது, ‘ஆன்’ வராத இடம். திஸ், நெக்ஸ்ட், லாஸ்ட், எவ்ரி ஆகிய சொற்கள் கிழமைக்கு முன் நின்றால் ‘ஆன்’ வேண்டாம். ‘வி பை கச்சாங் பூத்தே எவ்ரி சாட்டர்டே’ என்பது சரி. ‘எவ்ரி’ இல்லாமல் வழக்கத்தைச் சொல்வதானால் ‘எஸ்’ சேர்த்து ‘ஆன் சாட்டர்டேஸ்’ என்க.

மூன்றாவது, பெரிய எழுத்து. தமிழில் இந்த வேறுபாடு இல்லாததால் எளிதில் மறக்கிறோம். ஆங்கிலம் கிழமைப் பெயரை ஆட்பெயர்போல் சிறப்புப் பெயராகக் கருதுகிறது. எனவே வாக்கியத்தின் நடுவில் வந்தாலும் முதலெழுத்து பெரிய எழுத்தே. புதனில் இன்னொரு தடுமாற்றமும் உண்டு. அது ‘வோடன்’ என்னும் பழைய தெய்வத்தின் நாள். அதனால்தான் எழுத்தில் ஒரு ‘டி’ நிற்கிறது. ஆயினும் பொதுவாக ‘வென்ஸ்டே’ என்றே ஒலிப்பர்.

கடைசியாக, என்னைக் கவிழ்த்த ‘நெக்ஸ்ட்’. ஆங்கிலேயர்களிலேயே சிலர் அதை வருகிற வெள்ளிக்கும், சிலர் அதற்கடுத்த வெள்ளிக்கும் சொல்கிறார்கள். ஆகவே தேதியையும் சேர்த்தே சொல்லுங்கள்: ‘ஆன் ஃபிரைடே, த ட்வெல்ஃப்த் ஆஃப் ஜூன்’. பிறர் சொல்லும்போது ‘எந்தத் தேதி?’ என்று கேட்க வெட்கப்படாதீர்கள். அன்று அந்த ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை.