ஐப்பசி பிறக்கும் வேளையில்: இரு கடல், ஒரு சாலை

நிலக்காட்சிப் புகைப்படக் கலையைப் பற்றி ஆங்கிலத்தில் வரும் நூல்களைப் புரட்டினால், இலையுதிர்காலத்துக்கென ஓர் அத்தியாயம் தவறாமல் இருக்கும். சிவந்த மரங்கள், சருகு மூடிய பாதை, பனி படர்ந்த கடற்கரை. அதைப் படித்துவிட்டு மூணாற்றிலோ கொழிஞ்சாம்பாறையிலோ உட்கார்ந்து, நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லையே என்று ஏங்க வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை இரண்டையும் கூதிர்காலம் என்று நம் முன்னோர் தனியே பிரித்து வைத்திருக்கிறார்கள். மழைக்கும் பனிக்கும் இடைப்பட்ட குளிர்ந்த பொழுது அது. நம் பக்கத்து வீட்டு மலையாளிகள் ஐப்பசியைத் துலாம் என்பார்கள். அந்த மாதத்து இடிமழை அவர்களுக்குத் துலாவர்ஷம். பெயர் இரண்டு, மேகம் ஒன்று.

இந்தக் காலத்தில் குடும்பத்தோடு கடற்கரைப் பயணம் போய்ப் படம் எடுத்து வர விரும்புவோருக்காக இக்கட்டுரை. இடுக்கி மாவட்டத்து அன்பர்களுக்கு ஒரு வசதி உண்டு. நம் வாசல் வழியே போகும் சாலையின் ஒரு முனை அரபிக்கடலில், மறுமுனை தனுஷ்கோடியில். கொச்சியில் தொடங்கி, மூவாற்றுப்புழை, அடிமாலி, மூணாறு, போடிமெட்டு, தேனி, மதுரை, ராமநாதபுரம் வழியாக ராமேசுவரம் தீவுக்குப் போகும் இச்சாலை முன்பு தேசிய நெடுஞ்சாலை 49 என்று ஒரே எண்ணில் இருந்தது. மொத்தம் ஏறத்தாழ 440 கி.மீ. 2010இல் எண்களை மாற்றியபோது மதுரை வரையுள்ள பகுதி 85 என்றும், ராமேசுவரம் பக்கம் 87 என்றும் பிரிந்தன. கேரளத்தில் இன்றும் பலர் கொச்சி-தனுஷ்கோடி சாலை என்றே சொல்கிறார்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த நம் பாட்டன் பூட்டன்மார் பலர் போடிப் பக்கமிருந்து இந்த மலையேறித்தான் வந்தார்கள். அவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகளில் எத்தனை பேர் இச்சாலையின் இரு முனைகளையும் பார்த்திருக்கிறார்கள்?

பயணத் திட்டம் என்றால் பெரும்பாலோர் முதலில் தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். எத்தனை கி.மீ., எங்கே சாப்பாடு, எங்கே அறை என்று. படம் எடுக்கப் போகிறவர் முதலில் கணக்கிட வேண்டியது பொழுதை. இதற்கு வெளிநாட்டு நூல் தேவையில்லை, தொல்காப்பியர் காலத்திலேயே அட்டவணை இருக்கிறது. முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம், மருதத்துக்கு வைகறையும் விடியலும், பாலைக்கு நண்பகல், நெய்தலுக்கு எற்பாடு. எல் என்றால் சூரியன். எற்பாடு என்றால் சூரியன் சாயும் நேரம் என்பது பரவலான பொருள். காலைப்பொழுது என்று பொருள் கொண்டவர்களும் உண்டு. புலவர்களின் வழக்கு எப்படியோ போகட்டும். நம் சாலையில் இரு பொருளும் சரிதான். மேற்குக் கடலில் சூரியன் மறைகிறது, கிழக்குக் கடலில் உதிக்கிறது. குறிஞ்சிக்கு நள்ளிரவைச் சொன்னவரிடம் காமிரா இல்லை என்பதால், அந்த ஒன்றை மட்டும் விடியற்காலை என்று மாற்றிக்கொள்வோம்.

மழை பெய்யும் நேரம்

இதைப் புரிந்துகொள்ளாமல் போனால் பயணமே வீணாகும். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த பின், மேற்குப் பக்கத்தில் காலை வானம் கழுவித் துடைத்தது போல் இருக்கும். வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகி, கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேலேறி மேகமாகத் திரளும். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் மலையில் இடி தொடங்கும். உயரத்தில் வீசும் கிழக்குக் காற்று அந்த மேகங்களை மேற்கே தள்ள, மாலையில் கடற்கரையிலும் மழை வரும்.

கிழக்குக் கரையில் கதை வேறு. வடகிழக்குப் பருவமழை கடலிலிருந்து வருவது. கரையோரத்தில் அது பெரும்பாலும் நள்ளிரவிலும் விடியலிலும் கொட்டி, பிற்பகலில் ஓரளவு தணியும்.

ஆக, சூரியன் மறைவதைப் படம் எடுக்க வேண்டிய மேற்கில் மாலையில் மழை; உதிப்பதை எடுக்க வேண்டிய கிழக்கில் காலையில் மழை! ஒரே நாள் வைத்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். மேற்கில் இரண்டு மாலைகள், கிழக்கில் இரண்டு காலைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சராசரி நாள் அக்டோபர் 20 என்பார்கள். எனவே புரட்டாசியின் கடைசி வாரமும் ஐப்பசியின் முதல் சில நாட்களும், அதாவது அக்டோபர் 10 முதல் 20 வரை, இரு கரைக்கும் பொதுவான நல்ல நாட்கள். அதைத் தவறவிட்டால் மார்கழி பிற்பகுதி வரை பொறுப்பது மேல்.

மேற்கே

மூணாற்றிலிருந்து கொச்சி ஏறத்தாழ 130 கி.மீ. காலை ஏழு மணிக்குள் புறப்பட்டால் அடிமாலிக்குக் கீழே காட்டு வழியில் இளவெயில் மரங்களுக்கிடையே கம்பி கம்பியாக இறங்கும். பெரியாற்றின் குறுக்கே 1935இல் திறக்கப்பட்ட நேரியமங்கலம் பாலத்தில் பிள்ளைகளுக்கு ஒரு வரலாறு சொல்லலாம். 1924ஆம் ஆண்டு வெள்ளத்தில் மூணாற்றின் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதை அழிந்தது. ஆலுவாயிலிருந்து வந்த பழைய மலைச்சாலையும் சிதைந்தது. அதன் பிறகு அமைந்ததே இந்த வழி. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் அதைத் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்பார்கள்.

மாலை நாலரைக்குக் கடற்கரையில் இருங்கள். ஃபோர்ட் கொச்சியில் சீனவலைகள் இருக்கின்றன. அவற்றை வெறும் கரிய நிழலுருவாக எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் வந்துவிட்டன. நீங்களும் ஒன்று எடுத்துக்கொண்டு நகருங்கள். வைப்பின் தீவின் வடகோடியில் உள்ள செறாய் எனக்கு அதைவிடப் பிடிக்கும். ஒரு பக்கம் கடல், சிறிது தூரத்தில் மறுபக்கம் காயல். அக்டோபர் நடுவில் கொச்சியில் சூரியன் மாலை 6 மணி 8 நிமிடம் வாக்கில் மறைகிறது.

எல்லோரும் கடலைப் பார்த்து நிற்கும்போது நீங்கள் ஒரு முறை முதுகைக் கடலுக்குக் காட்டித் திரும்புங்கள். மலைக்கு மேலே திரண்ட இடிமேகக் கோபுரங்கள் மேற்கு வெயில் பட்டு வெள்ளை, பொன், செம்பு என்று நிமிடத்துக்கு ஒரு நிறம் மாறுவது அந்தத் திசையில்தான். கிழக்கே மழை பெய்து மேற்கே வெயில் இருந்தால் வானவில்லும் அங்கேதான் வரும். சூரியன் தொடுவானிலிருந்து 42 பாகைக்கு மேல் இருந்தால் தரையில் நிற்பவருக்கு வானவில் தெரியாது. சூரியன் தாழத் தாழ வில் உயரும். ஆகவே மழை பெய்துவிட்டதே என்று வண்டியில் ஏறிவிடாதீர்கள். ஆனால் இடி முழக்கம் காதில் விழுந்தால் முக்காலியை மடக்கிக்கொண்டு கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். வெட்டவெளிக் கடற்கரையில் உயரமாக நிற்பது நீங்களும் அந்த முக்காலியும்தான்.

பாலக்காட்டு அன்பர்களுக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது. ஒற்றப்பாலம், பட்டாம்பி, குற்றிப்புறம் என்று பாரதப்புழையைத் தொட்டும் விட்டும் போனால், 100 கி.மீ.க்குள் அது கடலில் கலக்கும் பொன்னானி. ஓர் ஆற்றின் கதையையே வரிசையாகப் படம் எடுக்கலாம். முழுச் சாலையையும் பார்க்க விரும்புவோர் பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு வந்து சேரலாம். சின்னாற்று வழி காட்டு வழி. இரவில் சோதனைச் சாவடி மூடிவிடுவார்கள்.

கிழக்கே

மேற்கிலிருந்து மலையேறும் நாளில் பிற்பகல் இரண்டுக்குள் மூணாறு சேர்ந்துவிடுங்கள். மறுநாள் விடியுமுன் கிளம்பினால் தேவிகுளம் தாண்டி கேப் சாலையில் பள்ளத்தாக்கு நிறைய மேகம் தேங்கிக் கிடப்பதைக் காணலாம். இதே கேப் சாலைதான் 2019, 2020 ஆண்டுகளில் மண் சரிந்து நெடுநாள் மூடிக்கிடந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைப் பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின் மேல் மலை சரிந்து 70 பேரை இழந்ததை நம்மில் யாரும் மறக்கவில்லை. மழை எச்சரிக்கை உள்ள நாளில் இந்தச் சரிவுகளில் நின்று படம் எடுப்பது வேண்டாம். வண்டியைப் பாறைச் சுவருக்கு அடியில் நிறுத்துவதும் வேண்டாம்.

போடிமெட்டிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் வெக்கை முகத்தில் அடிக்கும். மலைமறைவுப் பிரதேசம் அல்லவா! காலைப் பொழுதுக்குள் தேனிப் பக்கத்து வயல்களை முடித்துக்கொண்டு, நண்பகல் நேரத்தை வண்டி ஓட்டவே பயன்படுத்துங்கள். பரமக்குடிக்கு அப்பால் கருவேலமும் வெட்டவெளியுமாகப் பாலைதான். எடுக்க விரும்புவோர் உச்சிவெயிலிலேயே எடுக்கலாம், அந்த நிலத்துக்கு அந்த வெளிச்சம் பொருந்தும். மூணாற்றிலிருந்து ராமேசுவரம் 300 கி.மீ.க்கு மேல். மாலை நாலரைக்குப் பாம்பன் வந்துவிடலாம். 1988இல் திறந்த சாலைப்பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கும் கூட்டத்தில் நீங்களும் சேர வேண்டாம். கீழே இறங்கி மீனவர் குடியிருப்புப் பக்கம் போனால், 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் தடமும் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலமும் படகுகளோடு சேர்ந்து கிடைக்கும்.

மறுநாள் விடியலில் தனுஷ்கோடி. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கும் முன் மணலிலும் சேற்றிலும் வேன்களில்தான் போக வேண்டியிருந்தது. அக்டோபர் நடுவில் இங்கே சூரியன் உதிப்பது காலை 6 மணி வாக்கில், கொச்சியைவிட ஏறத்தாழ 12 நிமிடம் முன்பு. நிலமுனை தென்கிழக்காக நீண்டிருப்பதால், உதயம் பாக் நீரிணைப் பக்கத்துக் கடலிலும் அஸ்தமனம் மன்னார் வளைகுடாப் பக்கத்துக் கடலிலும் கிடைக்கும். அமைதியாகக் கிடப்பதைப் பெண்கடல் என்றும் அலையடிப்பதை ஆண்கடல் என்றும் அங்கே சொல்வார்கள். வாடைக்காற்று பிடித்த பின் அந்தப் பெண்கடலுக்கும் கோபம் வரும். இருட்டிய பின் முனையில் இருக்க விடுவதில்லை. உள்ளே விடும் நேரத்தை முதல் நாளே ராமேசுவரத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். பூநாரைகளை எதிர்பார்த்துப் போகிறவர்கள் மார்கழி, தை மாதங்களில் போவது நல்லது.

தேவாலயத்தின் பவளக்கல் சுவர்கள், ரயில் நிலையத்தின் எச்சம் இவற்றின் முன் சிரித்துக்கொண்டு படம் எடுப்பவர்களைப் பார்க்கிறோம். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் கடல் ஏறி வந்து அழித்த ஊர் அது. பாம்பனிலிருந்து அன்றிரவு வந்த பயணிகள் ரயில், இருந்தவர்களோடு கடலில் போனது. அந்தச் சுவர்களை எடுக்கும்போது பக்கத்துக் கடலும் படத்தில் வரும்படி நில்லுங்கள். அப்போதுதான் படம் உண்மை பேசும். அங்கே இன்றும் மீனவக் குடும்பங்கள் பிழைக்கின்றன. வலை இழுக்கும் பெரியவரிடம், “ஐயா, ஒரு படம் எடுத்துக்கலாமா?” என்று கேட்டுவிட்டு எடுங்கள். இலங்கைக்கு மிக அருகிலுள்ள எல்லைப்புறம் என்பதால் டிரோன் எதையும் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது.

புயல் பற்றி ஒரு சொல். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரி முதல் கேரளக் கரை வரை எத்தனை மீனவர் வீடுகளை இருளாக்கியது! செய்தித்தாளில் பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு என்று வந்தால் எண்ணைப் பாருங்கள். 1, 2 என்றால் புயல்சின்னம் தொலைவில். 3, 4 என்றால் அந்தத் துறைமுகத்துக்கே மோசமான வானிலை. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பேரபாயம். 3 ஏறிவிட்டால் அறைக்குக் கொடுத்த முன்பணம் போனாலும் போகட்டும், மலையிறங்க வேண்டாம்.

காமிராவைப் பற்றி

மூணாற்றுக் குளிரில் இரவெல்லாம் இருந்த காமிராவைக் கடற்கரை ஈரக்காற்றில் சட்டென்று வெளியே எடுத்தால், குளிர்ந்த சோற்றுப் பானையில் நீர் பூப்பது போல் லென்சில் நீர் பூக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, அரைமணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழக்கிய பின் எடுங்கள். உப்புத்துளி பட்டால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். முக்காலியின் கால்களைத் தினமும் இரவில் நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் மணலும் உப்பும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். கைபேசி போதும் என்பவர்கள், திரையில் வானத்தின் மேல் விரலை அழுத்தி வெளிச்சத்தைக் குறைத்து எடுத்தால் மேகத்தின் நிறம் வெளுக்காது. தொடுவானம் மட்டும் சாயாமல் இருக்கட்டும். சாய்ந்த கடலைப் பார்த்தால் தண்ணீர் ஒரு பக்கமாக வடிந்துவிடுமோ என்று தோன்றும்.

ஃபிலிம் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படம்தான். பிள்ளைகளுக்கு அந்தக் கட்டுப்பாட்டையே வைத்துப் பாருங்கள்: நாளொன்றுக்கு 36. ஒவ்வொரு படத்துக்கும் இடம், தேதி, நேரம் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தமிழில் எழுதட்டும். வீட்டில் பாட்டி இருந்தால் போடி மலைச் சரிவில் அவர்கள் சொல்லும் இடப்பெயர்களையும் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். பலகைகளில் இல்லாத பெயர்கள் அவர்களிடம் இருக்கும்.

அறையை முன்கூட்டியே பதிவு செய்யும்போது நாட்காட்டியில் அமாவாசையைப் பாருங்கள். அன்றும் அதற்கு முந்தின இரவும் அக்னி தீர்த்தத்தில் நீராட வருவோரால் ராமேசுவரத்தில் அறை கிடைப்பது அரிது. தீபாவளி விடுமுறையிலும் இதே நிலைதான். அந்த நாட்களில் போயே ஆகவேண்டுமானால் ராமநாதபுரத்தில் தங்கி, விடியற்காலை நாலரைக்குக் கிளம்புங்கள்.