மறுத்த வீடு எங்கே போகிறது?

அன்புள்ள மலருக்கு,

உங்கள் தெருவில் ஒரு பழைய தனிவீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள், அதை எதிர்த்து நலச்சங்கம் கையெழுத்து வாங்குகிறது என்று எழுதியிருந்தாய். ‘யார் பக்கம் நியாயம், மாமா?’ என்றும் கேட்டிருக்கிறாய். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதில் எவ்வளவு கட்டலாம் என்பதை எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப்பரப்புக் குறியீடு முடிவுசெய்கிறது. சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5 ஆக இருந்த அந்தக் குறியீடு, 2019-இல் வந்த கட்டட விதிகளில் 2 ஆயிற்று. 3,600 சதுர அடி கட்டிய இடத்தில் இனி 4,800 கட்டலாம். அதே மண்ணில் இன்னும் இரண்டு சிறு குடும்பங்கள் குடியிருக்கலாம்.

எதிர்ப்பவர்களின் கவலை பொய்யில்லை. கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவர்கள், மழையில் சாக்கடை பொங்கக் கண்டவர்கள் அவர்கள். ஆனால் அந்தக் குறை குழாயில் இருக்கிறது, குடிவருபவரிடம் இல்லை. பெரிய கட்டடங்களுக்கு அனுமதி தரும்போது அடிப்படை வசதிகளுக்கென்று அரசு கட்டணம் வாங்குகிறது. அந்தப் பணம் எங்கள் தெருவுக்கு எப்போது வரும் என்று சங்கம் கேட்கட்டும். நானும் கூட வந்து நிற்பேன்.

சென்னை நகருக்குள் நாம் மறுத்த வீடு இல்லாமல் போய்விடுவதில்லை. ஏரிக்கரைக்கும் சதுப்பு நிலத்துக்கும் போகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியைக் குடியிருப்புகளும் அலுவலகங்களும் குப்பைக் கிடங்கும் விழுங்கிவிட்டன. 2022-இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியது மிஞ்சிய பகுதிதான். தண்ணீர் வடிய வேண்டிய இடத்தை அடைத்ததன் விலையை 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி மக்கள் கொடுத்தார்கள்.

கட்டினால் மட்டும் போதும் என்பவர்களும் நகரோரத்துக் கண்ணகி நகரைப் பார்க்க வேண்டும். கூவம், அடையாற்றுக் கரைகளில் இருந்த குடும்பங்களை அங்கேயும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தினார்கள். வீடு கிடைத்தது. வீட்டு வேலைக்குப் போய்வந்த பெண்களுக்கோ பிழைப்பு இருந்த தெரு எங்கோ தொலைவுக்குப் போயிற்று. பிள்ளைகளில் பலர் பள்ளியை விட்டே நின்றார்கள். ஆகவே வீடு எந்த இடத்தில், யாருக்கு எட்டும் வாடகையில் என்பதும் சேர்ந்ததுதான் இந்தக் கேள்வி.

என் முடிவைச் சொல்கிறேன். நீர் நிற்கும் நிலத்தில் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. பஸ்ஸும் ரயிலும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் ஏற்கெனவே இருக்கும் உங்கள் தெருவைப் போன்ற இடங்களில் கட்டத்தான் வேண்டும். குழாயைப் பெரிதாக்கி, எளியவர்களுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

சங்கக் கூட்டத்துக்கு நீயும் போ. அங்கே வீடு உள்ளவர்கள் மட்டுமே பேசுவார்கள். அந்த மாடியில் வாழப்போகிறவர் இன்று தாம்பரத்துக்கு அப்பால் வாடகைக்கு இருந்து, தினமும் நெரிசல் ரயிலில் வேலைக்கு வந்துபோகும் ஒரு நர்ஸாக இருக்கலாம். அவருக்கு உங்கள் கூட்டத்தில் நாற்காலி இல்லை, கையெழுத்தும் இல்லை. அவருக்காக ஒருவர் எழுந்து பேச வேண்டும். நீ பேசு.

அன்புடன்,
மாமா