கித்தாரின் குடம்

கேமரன் மலையில் பிரிஞ்சாங் நகரைத் தாண்டி வடக்கே செல்லும் சாலையோரம் கியா பார்ம் அமைந்துள்ளது. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் உயரமான இடம். பகலில் அங்குள்ள காய்கறிச் சந்தை சுற்றுப்பயணிகளால் நிரம்பி வழியும். மாலையில் பனி இறங்கத் தொடங்கியதும் கடைக்காரர்கள் தார்ப்பாய்களை இழுத்துக் கட்டுவார்கள். அருகிலுள்ள சரிவுகளில் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம் பச்சைக் கம்பளமாய் விரிந்து கிடக்கும்.

இத்தகைய ஊரில் வாழும் இளைஞர் குழு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். தீபாவளிக் கலை இரவுக்கு இன்னும் இரண்டு மாதங்களே உள்ளன. குழுவிடம் பழைய மின்கித்தார் ஒன்றும் சிறிய ஆம்ப் ஒன்றும் இருக்கின்றன. ஒத்திகையில் கித்தாரின் ஓசை மெலிந்து, தகரத்தில் ஆணியால் கீறுவதுபோல் கேட்கிறது. சேமித்த பணம் ஒரு பொருளுக்கு மட்டுமே போதும். "புதுக் கித்தார் வாங்கலாம்" என்கிறார் ஒருவர். "பெட்டியை மாற்றினாலே போதும்" என்கிறார் மற்றொருவர். யார் சொல்வது சரி? தவறாக முடிவெடுத்தால் ஓராண்டுச் சேமிப்பு வீணாகும்.

இதற்கு விடை காண, முதலில் வீணையைக் கவனிக்க வேண்டும். தஞ்சாவூர் வீணையின் குடம் பலா மரத்தைக் குடைந்து செய்யப்படுவது. வீணையின் கம்பி மிக மெல்லியது. தனியே அதிர்ந்தால் அருகில் இருப்பவருக்குக்கூடச் சரியாகக் கேட்காது. குடமும் அதன்மேல் மூடிய பலகையும் அந்த அதிர்வை வாங்கிக் காற்றை அசைக்கின்றன. குடத்தின் அளவு, மரத்தின் தடிமன், உள்ளிருக்கும் காற்றின் கொள்ளளவு ஆகியவை சேர்ந்துதான் வீணைக்கு அதன் குரலைத் தருகின்றன. ஒரே கம்பியை வேறொரு குடத்தின்மேல் கட்டினால் வேறு குரல் பிறக்கும்.

பெரும்பாலான மின்கித்தார்களுக்குக் குடம் கிடையாது. உடல் கெட்டியான மரக்கட்டை. எஃகுக் கம்பியின் அதிர்வைக் காந்தமும் கம்பிச்சுருளும் மின்சைகையாக மாற்றுகின்றன. ஆம்ப் அச்சைகையைப் பெருக்குகிறது. அது மீண்டும் காற்றின் அசைவாக மாறுவது ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில்தான். ஆகவே, மின்கித்தாருக்கும் குடம் உண்டு. ஆனால், அது வாசிப்பவர் மடியில் இல்லை. சில அடி தள்ளி, தரையில் மரப்பெட்டியாக நிற்கிறது. கருநாடக இசை மேடையில் மின்மேண்டலின் வாசித்துப் புகழ்பெற்ற உ. ஸ்ரீனிவாஸின் (1969–2014) கருவியும் இவ்வகையைச் சேர்ந்ததே. கமகங்களை நீட்டி ஒலிக்க அவருக்குக் கைகொடுத்தது மின்பெருக்கம்.

பெட்டி இல்லாமல் ஸ்பீக்கரை மட்டும் மேசைமேல் வைத்து இயக்கினால் என்ன ஆகும்? கூம்பு முன்னே தள்ளும்போது முன்புறக் காற்று நெருக்கப்படுகிறது. அதே நொடியில் பின்புறக் காற்று தளர்கிறது. தாழ்ந்த சுரங்களில் இவ்விரு அலைகளும் ஓரத்தைச் சுற்றிவந்து ஒன்றையொன்று அழித்துவிடும். கித்தாரின் தடித்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. அந்தச் சுரமே காணாமற்போனதுபோல் மெலியும். பெட்டியின் முதல் வேலை, இவ்விரண்டு அலைகளையும் பிரித்து வைப்பதாகும்.

எவ்வளவு பிரிக்கிறது என்பதில்தான் பெட்டிக்குப் பெட்டி வேறுபாடு தோன்றுகிறது. பின்புறம் பாதி திறந்த பெட்டியில் பின்னலையும் வெளியேறிச் சுவரில் மோதி, அறை முழுவதும் பரவுகிறது. ஓசை காற்றோட்டமாக இருக்கும். ஆனால், தாழ்ந்த சுரங்களில் அழுத்தம் குறையும். முழுதும் மூடிய பெட்டியில் உள்ளே அடைபட்ட காற்று ஒரு வில்சுருள்போல் கூம்பைப் பிடித்து நிறுத்துகிறது. தாழ்ந்த சுரங்கள் இறுக்கமாக, நெஞ்சில் தட்டுவதுபோல் வரும். ஓசை பெரும்பாலும் முன்னோக்கியே பாயும்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை இசை வரலாற்றில் நடந்த ஒரு நிகழ்வு காட்டுகிறது. இலண்டனின் ஹான்வெல் பகுதியில் ஜிம் மார்ஷல் என்பவர் இசைக்கருவிக் கடை நடத்தி வந்தார். அவர் தொழிலால் டிரம்ஸ் ஆசிரியர். அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான ஃபெண்டர் ஆம்புகளின் விலை அவருடைய வாடிக்கையாளர்களுக்கு எட்டாததாக இருந்தது. எனவே, 1962இல் அவரும் கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோரும் ஃபெண்டர் 'பாஸ்மேன்' ஆம்பின் மின்சுற்றை ஏறக்குறைய அப்படியே பின்பற்றி 'ஜேடிஎம்45' என்னும் ஆம்பை உருவாக்கினர். பாஸ்மேனில் பின்புறம் திறந்த பெட்டியும் அதற்குள் 10 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கும் இருந்தன. மார்ஷல் குழுவினரோ பிரிட்டனின் செலஸ்டியன் நிறுவனம் செய்த 12 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கை, பின்புறம் முழுதும் மூடிய பெட்டிக்குள் பொருத்தினர். குறைவான எண்ணிக்கையிலான ஸ்பீக்கர்கள் ஆம்பின் விசையைத் தாங்காமல் பழுதானதும் இதற்கு ஒரு காரணம்.

மின்சுற்று ஏறக்குறைய ஒன்றுதான். சில உதிரிப்பாகங்கள் மாறியிருந்தன என்பதும் உண்மை. ஆயினும், கேட்டவர்களுக்கு இது முற்றிலும் வேறொரு குரலாக இருந்தது. அந்த வேறுபாட்டில் பெட்டிக்கும் ஸ்பீக்கருக்கும் பெரும் பங்கு உண்டு. நகலெடுக்கப் புறப்பட்டவர்கள் குடத்தை மாற்றிவிட்டார்கள். அதனால், ராக் இசைக்கே புதிய ஓசை கிடைத்தது. பின்னர் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்செண்ட் எட்டு ஸ்பீக்கர்கள் கொண்ட ஒற்றைப் பெட்டியைக் கேட்டுப் பெற்றார். அதைச் சுமந்தவர்கள் படாத பாடு பட்டதால், நான்கு ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வழக்கம் வந்தது. இன்றும் நான்கு ஸ்பீக்கர் கொண்ட மார்ஷல் பெட்டி ஒன்றின் எடை ஏறத்தாழ 36 கிலோ. தோட்டப் படிகளில் அதைத் தூக்கி ஏற்ற நினைப்பவர்கள் ஓசையோடு முதுகையும் கணக்கில் கொள்வது நல்லது.

பெட்டிகளை ஒப்பிடுவது எளிது என்று தோன்றும். உண்மையில், பலர் தவறுவது இங்கேதான். செலஸ்டியன் நிறுவனத்தின் 'கிரீன்பேக்' ஸ்பீக்கரின் உணர்திறன் 98 டெசிபெல். 'விண்டேஜ் 30' ஸ்பீக்கரின் உணர்திறன் 100 டெசிபெல். ஆம்பின் குமிழைத் திருப்பாமலேயே ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால், இரண்டாவது 2 டெசிபெல் உரக்க ஒலிக்கும். அது, ஆம்பின் திறனை ஏறத்தாழ 1.6 மடங்கு கூட்டியதற்குச் சமம். மனிதக் காது உரத்த ஓசையையே சிறந்த ஓசை என்று எண்ணிவிடும். ஓசை உயர உயரத் தாழ்ந்த சுரங்கள் மேலும் நிறைவாகக் கேட்கும் என்பதை ஹார்வி ஃபிளெட்சர், வில்டன் மன்சன் ஆகிய இருவரும் 1933இலேயே அளந்து வெளியிட்டுள்ளனர். எனவே, கடையில் "இது பிரமாதம்" என்று வாங்கிய பெட்டி வீட்டில் சாதாரணமாகக் கேட்பதில் வியப்பில்லை.

கியா பார்ம் குழுவினர் தங்கள் சோதனையைப் பொது மண்டபத்தில் நடத்துவதாகக் கொண்டால், முதலில் செய்ய வேண்டியது ஓசையளவைச் சமப்படுத்துவது. கைப்பேசியில் உள்ள டெசிபெல் செயலியே இதற்குப் போதும். உண்மையான அளவு சற்றுப் பிசகினாலும், இரண்டு பெட்டிகளையும் ஒரே இடத்திலிருந்து ஒப்பிட அது உதவும். கித்தார், ஆம்ப், கம்பிவடம், குமிழ்களின் நிலை, வாசிக்கும் மெட்டு ஆகிய எதையும் மாற்றக் கூடாது. பெட்டியின் ஓம் அளவு ஆம்புக்குப் பொருந்துகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். வால்வு ஆம்பாக இருந்தால், அதை அணைத்த பிறகே வடத்தைக் கழற்ற வேண்டும். ஸ்பீக்கர் இணைக்காமல் அதை இயக்கினால் உள்ளிருக்கும் மின்மாற்றி எரிந்துபோகலாம்.

திறந்த பெட்டிக்கும் மூடிய பெட்டிக்கும் உள்ள வேறுபாட்டைச் சிறு பிள்ளையும் கண்டுபிடித்துவிடும். பிர்ச் மர ஒட்டுப்பலகையா, அழுத்திய மரத்தூள் பலகையா என்பது போன்ற நுட்பமான வேறுபாடுகளுக்கோ திரை தேவை. திரைக்குப் பின்னால் பெட்டிகளை மாற்றி மாற்றி வாசிக்க, கேட்பவர் எது எதுவென்று பத்து முறை சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே சராசரியாக ஐந்து சரியாக அமைந்துவிடும். வெறும் ஊகத்தால் ஒன்பதோ பத்தோ சரியாவது நூறில் ஒரு தடவைதான். விளம்பரத்தில் பெரிதாகப் பேசப்படும் பல வேறுபாடுகள் இந்தத் திரையைத் தாண்டி வருவதில்லை.

கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பது இன்னொரு சிக்கல். உச்ச ஒலிகள் 12 அங்குலக் கூம்பிலிருந்து கைவிளக்கின் ஒளிபோல் நேராகச் செல்லும். தாழ்ந்த ஒலிகள் எல்லாத் திசைகளிலும் பரவும். பெட்டி தரையில் இருந்தால், வாசிப்பவரின் முழங்காலுக்குத்தான் உச்ச ஒலிகள் கேட்கும்! அவர் "ஓசை மந்தமாக இருக்கிறதே" என்று குமிழைத் திருப்புவார். மூன்றாம் வரிசையில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் பாட்டியோ காதைப் பொத்திக்கொள்வார். பெட்டியை நாற்காலிமேல் ஏற்றிச் சற்றுச் சாய்த்து வைத்தால், பணம் செலவழிக்காமலேயே பாதிக் குறை தீர்ந்துவிடும். பின்புறம் திறந்த பெட்டியைச் சுவரிலிருந்து ஓரடி, மூன்றடி, ஆறடி என்று நகர்த்தி நகர்த்திக் கேட்பதும் பயன் தரும். தகரக் கூரை உள்ள மண்டபத்தில் இந்த மாற்றம் தெளிவாகவே தெரியும்.

மலைக்குளிரைப் பழி சொல்பவர்களும் உண்டு. 18 பாகை வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 342 மீட்டர் செல்கிறது. கோலாலம்பூரின் 32 பாகையில் ஏறத்தாழ 351 மீட்டர். இச்சிறு வேறுபாட்டால் பெட்டியின் குரல் கெட்டுவிடாது. குளிரில் எஃகுக் கம்பி சுருங்கிச் சுருதி சற்று ஏறும். அதைத் திருகாணியைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். ஈரம்தான் கவலைக்குரியது. காகிதக் கூம்பு ஈரத்தை உறிஞ்சும். மரத்தூள் பலகை நனைந்தால் உப்பி, மூட்டுகள் விட்டு, பெட்டி கடகடக்கும். பனி சூழும் ஊரில் ஒட்டுப்பலகைப் பெட்டிக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவழிப்பது ஆடம்பரமன்று.

இனி, இளைஞர்களின் கேள்விக்கு வரலாம். அவர்களது ஆம்பில் இருப்பது எட்டு அங்குல ஸ்பீக்கர். பெட்டியோ சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றே அகலமானது. அந்த அளவுள்ள குடத்திலிருந்து நிறைவான தாழ்ந்த சுரங்களை எதிர்பார்க்க முடியாது. எவ்வளவு விலை உயர்ந்த கித்தாரை அதில் இணைத்தாலும், அதே தகர ஓசைதான் வரும். மூடிய நான்கு ஸ்பீக்கர் பெட்டியோ அந்த மண்டபத்துக்கு மிகை. அதைத் தூக்கவும் இருவர் வேண்டும். 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றோ இரண்டோ கொண்ட, பின்பலகையைக் கழற்றி மாட்டக்கூடிய ஒட்டுப்பலகைப் பெட்டி அவர்களுக்குப் பொருந்தும். மெல்லிசைப் பாடலுக்குப் பலகையைக் கழற்றலாம். குத்துப்பாட்டு வந்தால் மாட்டிக்கொள்ளலாம். ஆனால், வாங்குவதற்கு முன், வெளிப்பெட்டியை இணைக்கும் துளை தங்கள் ஆம்பில் உள்ளதா என்பதை அதன் பின்புறத்தில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். இயன்றால், தெரிந்தவரின் பெட்டி ஒன்றை ஒரு மாலை இரவல் வாங்கி, தங்கள் பழைய கித்தாரைக் கொண்டே அதே மண்டபத்தில் வாசித்துப் பார்க்க வேண்டும். பனி இறங்குவதற்குள் பெட்டியைப் போர்வையால் மூடி, உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிடவும் வேண்டும்.